தைரிஸ்டரா, ஐஜிபிடியா? பேட்டரி ஆலைக்கு ஏற்ற ரெக்டிஃபையர்

ஈய-அமில பேட்டரிக்கு முதல் மின்னேற்றம் கொடுக்கும் ஃபார்மேஷன் கூடத்தில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்டை கரிக்கும், சட்டையில் சிறு ஓட்டைகள் விழும். எந்த ரெக்டிஃபையர் (ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கான டிசியாக மாற்றும் இயந்திரம்) வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் அதனால்தான் முதலில் இதைக் கேட்கிறேன்: இயந்திரம் கூடத்துக்குள் நிற்கப்போகிறதா, சுவருக்கு அப்பால் தனி அறையிலா?

தைரிஸ்டர் என்பது சிக்னல் வந்ததும் திறந்து மின்சாரத்தை விடும் ஸ்விட்ச். அந்த வகை முரட்டு உடம்புக்காரன். ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஆறு தைரிஸ்டர், அவற்றைத் தட்டி எழுப்பும் ஒரு கார்டு. பழுதானால் ஆலை எலக்ட்ரீஷியனே சரிசெய்துவிடலாம். குறை மின்கட்டணத்தில் தெரியும். 12 வோல்ட் பேட்டரிகள் 18-ஐத் தொடராக இணைத்தால், ஏற்றம் முடியும் நேரத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16 வோல்ட், மொத்தம் 288. அதே சர்க்யூட்டில் 9 மட்டும் வைத்து ஓட்டினால், தைரிஸ்டர் தாமதமாகத் திறந்து வோல்டேஜைப் பாதியாக்குகிறது. பவர் ஃபேக்டரும் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு) ஏறக்குறைய பாதியாகிவிடும். அரைகுறை லோடு அடிக்கடி வரும் ஆலைக்கு இது பெரிய செலவு.

ஐஜிபிடி என்பது மிக வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் ஸ்விட்ச். அந்த வகையில் இந்தச் சரிவு இல்லை. எடை குறைவு, ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) குறைவு, கரண்ட் அசையாமல் நிற்கும். ஆனால் ‘ஹார்மோனிக்ஸே வராது’ (மின் இணைப்பின் அலையைக் கெடுக்கும் உபரி அலைகள்) என்ற பேச்சை நம்பாதீர்கள். உள்ளே நுழையும் இடத்தில் சாதாரண டயோடு பிரிட்ஜ் இருந்தால் 5-ஆம், 7-ஆம் ஹார்மோனிக்ஸ் வரத்தான் செய்யும். ஆர்டர் கொடுக்கும் முன் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொன்று, அதன் மின்விசிறிகள் அமிலப் புகையை நேராக கார்டுகளின் மேல் இழுத்து விடும். செம்புத் தடங்களில் பச்சை பூக்கத் தொடங்கினால் பிறகு மாதம் ஒரு பழுது.

சோதனையில் இரண்டுக்கும் பொதுவானது ஷண்ட், அதாவது கரண்டை அளக்க உதவும் சிறு மின்தடை. 100 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் தரும் ஷண்டில் 20 ஆம்பியர் ஓடினால் 15 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். திரையில் 20 என்றிருக்க, ஷண்டில் 16 மில்லிவோல்ட் வந்தால் உண்மையில் ஓடுவது 21.3 ஆம்பியர். 40 மணி நேரத்தில் 53 ஆம்பியர்-மணி கூடுதல். அத்தனையும் சூடாகவும் வாயுவாகவும் போகிறது, பாசிட்டிவ் தட்டு உதிர்கிறது. தைரிஸ்டரில் இதை ஸ்க்ரூடிரைவரால் டிரிம்பாட்டை (கார்டில் உள்ள சிறு திருகு) திருப்பிச் சரிசெய்யலாம். ஐஜிபிடியில் பெரும்பாலும் மென்பொருளுக்குள் போக வேண்டும். அதன் பாஸ்வேர்டை விற்பவரிடமிருந்து முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

தைரிஸ்டருக்கு மட்டும் மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் கட்டாயம். 20 மில்லிசெகண்டில் ஒரே உயரத்தில் ஆறு மேடுகள் தெரிய வேண்டும். ஒருமுறை நான்குதான் தெரிந்தன. மீட்டரோ 20 ஆம்பியர் என்றே காட்டியது. கன்ட்ரோல் கார்டு மற்றவற்றைக் கூடுதலாகத் திறந்து கணக்கைச் சரிக்கட்டியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் உறுமலை வைத்துத்தான் சந்தேகம் வந்தது. ஒரு தைரிஸ்டருக்குத் திறக்கும் சிக்னலைக் கொண்டுபோகும் கேட் ஒயர் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

மெகர் (உயர் வோல்டேஜ் கொடுத்து மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைக்கும் முன் இரண்டிலும் கார்டுகளைக் கழற்றுங்கள், பேட்டரி இணைப்பைப் பிரியுங்கள். மெயினை அணைத்தாலும் 18 பேட்டரிகள் பஸ்பாரில் (மின்சாரம் செல்லும் உலோகப் பட்டை) 200 வோல்ட்டுக்கு மேல் நிறுத்தி வைத்திருக்கும். ஐஜிபிடியில் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் வேறு. மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

கூடத்துக்குள்தான் இடம் என்றால் நான் தைரிஸ்டரைத்தான் சொல்வேன். தனி அறையும் சுத்தமான காற்றும் கொடுக்க முடிந்தால் ஐஜிபிடி. அந்த அறையின் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.