சுங்கை சிப்புட் பூர்வகுடி இளையோர் நிலையம்: அதட்டாத மேற்பார்வை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில், டயர் கடை ஒன்றின் மேல்மாடியில், தெமியார் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த இளையோர் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும் நிலையம் ஒன்று இயங்குகிறது. இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் கொண்ட சிறிய இடம். பள்ளி விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறையிலோ உணவுக்கடையிலோ செம்பனைத் தோட்டத்திலோ வேலைக்குச் சேர்ந்தவர்கள், உள்காட்டிலிருந்து நகருக்கு இறங்கி வந்து இன்னும் எதிலும் சேராதவர்கள் எனப் பலவகைப் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். கட்டணம் கிடையாது. இவ்வூர்த் தமிழர்களில் பலர் இந்தப் பிள்ளைகளுக்கு முதலாளிகளாகவோ ஆசிரியர்களாகவோ அண்டைவீட்டாராகவோ இருப்பதால், அவர்களை அங்கே அனுப்பலாமா, அந்த இடத்துக்கு உதவலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பல மாலைகள் அங்கே உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். தயங்காமல் அனுப்பலாம். ஆனால் அங்கே நல்லதாக இருப்பவை அனைத்தும் மேற்பார்வை செய்யும் ஒரே பெண்மணியை நம்பி நிற்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டு உதவ வேண்டும்.

அவர் லாசா என்னும் ஊருக்கு அப்பால் உள்ள கம்பம் (சிற்றூர்) ஒன்றில் பிறந்த தெமியார் பெண். அவருக்குத் துணையாக, தோட்டத்தில் வளர்ந்த தமிழர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் அவரை 'அண்ணே' என்றே கூப்பிடுகிறார்கள். தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடியினரில் அரசு வகைப்படுத்தியுள்ள 18 இனக்குழுக்களில் தெமியார்களும் ஒருவர். பூர்வகுடியினரின் பெரும் பிரிவுகளில் ஒன்றான செனோய்ப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பிள்ளையை அடித்தோ மிரட்டியோ ஒன்றைச் செய்யவைப்பது செனோய் மக்களின் வழக்கம் அன்று. விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தினால் அவருக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சுகிற பண்பாடு அது. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த நிலையத்துக்குள் நுழைகிற நம்மவர்க்கு முதல் நாள் எரிச்சல்தான் வரும். வருகைப் பதிவு எடுப்பதில்லை, 'உட்கார்', 'எழுது' என்ற சொற்களே கேட்பதில்லை, ஒருவன் இரண்டு மணி நேரம் சுவரில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பிரம்போடு வளர்ந்த தலைமுறை நாம். கண்டிப்பு இல்லாத இடத்தில் ஒழுங்கு எப்படி இருக்கும் என்று கேட்கத்தான் தோன்றும்.

ஆனால் அங்கே ஒழுங்கு இருக்கிறது. பட்டறையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், பதினாறு பதினேழு வயது இருக்கும், வந்த புதிதில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மேற்பார்வையாளர் அவனிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தாம் மூங்கில் பிளந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கத்தியையும் ஒரு துண்டு மூங்கிலையும் வைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். சில மாலைகள் அந்தக் கத்தி அப்படியே கிடந்தது. பிறகு ஒரு நாள் அவன் அதை எடுத்தான். கணுவைச் சுற்றி முதலில் மெல்லக் கீறி, பிறகு கத்தியின் முதுகைத் தட்டிப் பிளக்கும் முறையை அவன் ஏற்கெனவே அறிந்திருந்தான் என்பது அவன் கை போன போக்கிலேயே தெரிந்தது. பாட்டனாரிடம் கற்றிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள் என்பதை அவன் அவரிடம் சொன்னதும் அந்த மூங்கிலைப் பிளந்தபடியேதான். மறுநாள் அண்ணன் அவனோடு பட்டறைக்குப் போய் உட்கார்ந்து பேசிக் கணக்கைச் சரிசெய்தார். நான் பார்த்தவற்றுள் மேற்பார்வை என்ற வேலையின் சாரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டியது வேறொன்றும் இல்லை.

சந்தை நாளில் உள்காட்டிலிருந்து நான்கு சக்கர இயக்க வண்டியில் ஒரு மூதாட்டி வருகிறார். தலைக்குச் சூடும் ஓலை வளையங்களைப் பின்னுவதற்கு வேண்டிய இலைகளும் அவரோடு வந்துவிடும். அன்று இரவு சேவாங் என்னும் சடங்கு ஆடல்பாடலின் பாடல்களுக்கு ஒத்திகை உண்டு. பெண்கள் வரிசையாக அமர்ந்து, நீளத்தில் வேறுபட்ட இரண்டிரண்டு மூங்கில் குழாய்களை மரக்கட்டையின் மீது மாறி மாறி இடிக்க, ஒருவர் பாடும் அடியை மற்றவர்கள் அப்படியே திருப்பிப் பாடுகிறார்கள். இப்பாடல்கள் கனவில் ஆவிகளிடமிருந்து கிடைப்பவை என்பது தெமியார் நம்பிக்கை. ஆகவே எந்தப் பாடலை இளையோர் பழகலாம், எதைக் கம்பத்துக்கு வெளியே பாடக் கூடாது என்பதை மூதாட்டியே முடிவு செய்கிறார், மேற்பார்வையாளர் அதில் தலையிடுவதில்லை. கீழே உள்ள கடைக்காரர், மூங்கில் இடிபடும் சத்தத்தைப் பற்றி முறையிட்டபோது, கட்டைக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு, ஒன்பது மணிக்கு நிறுத்துவது என்று அவர்கள் பேசி முடித்துக்கொண்டதும் பாராட்டத்தக்கது.

பண்பாட்டை முன்வைக்கும் இடங்களில் பாதுகாப்பு விதிகள் தளர்ந்துபோவதை வேறு இடங்களில் கண்டிருக்கிறேன். இங்கே அப்படியில்லை. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியறையில் கதவை மூடிப் பேச அனுமதி இல்லை; திறந்திருக்கும் நேரம் முழுதும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும்; இரவு பூட்டுவதற்கு முன் அன்று நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் சாவியை எடுக்கிறார்கள். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் சிறார் என்கிறது. 2017ஆம் ஆண்டில் வந்த சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். இந்த இரண்டையும் தெமியார் மொழியில் விளக்கி, ரகசியம் காப்பதற்கு எல்லை உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இத்தனை கவனம் ஏன் என்று கேட்போர் 2015ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டில், கிளந்தான் மாநிலம் குவா மூசாங் வட்டாரத்தில், பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பூர்வகுடிப் பிள்ளைகள் ஏழு பேர் தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டனர். ஏறக்குறைய ஏழு வாரங்களுக்குப் பிறகு இருவர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டனர். வீட்டை விட்டு வெகுதொலைவில் படிக்கும் பிள்ளைக்குத் தன் மொழியில் பேசும் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தச் செய்தியைப் படித்தவர் எவருக்கும் விளங்கும்.

நம் ஊரின் வரலாறும் இதில் கலந்தே கிடக்கிறது. 1948 ஜூனில் இங்குள்ள தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த பூர்வகுடியினர் மறுகுடியேற்ற முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டு, நோயாலும் ஏக்கத்தாலும் பலர் மாண்டனர். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம்மவர்களுக்கு நேர்ந்ததும் இடம் பறிபோன துயரமே. மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கு அதுவே காரணம். லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை) விட்டு மலிவு அடுக்குமாடிகளுக்குப் போன நம் பிள்ளைகளுக்கு, கோயிலும் திடலும் இல்லாத அந்த ஆண்டுகளில், இப்படி உட்கார ஓர் இடம் அமையவில்லை. கனடாவில் பூர்வகுடி மக்கள் நகரங்களுக்கு வரத் தொடங்கியபோது, 1959இல் வினிபெக்கில் நட்பு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது; 1972இல் அத்தகைய நிலையங்களுக்குத் தேசியச் சங்கமே உருவானது. இங்கே ஒரு மாடியறை கிடைப்பதற்கே இவ்வளவு காலம் ஆகியிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

குறைகளும் இருக்கின்றன, அவற்றுள் ஒன்று கடுமையானது. பிள்ளைகளின் பாரத்தையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளும் அந்த மேற்பார்வையாளருக்குத் தம் பாரத்தை இறக்கிவைக்க ஆள் இல்லை. நிர்வாகக் குழு மாதக் கூட்டத்தில் வாடகையையும் மின்கட்டணத்தையும் பற்றிக் கேட்கிறதே தவிர, 'உங்களுக்கு எப்படி இருக்கிறது, அம்மா?' என்று கேட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்டபோது, "என் தம்பி தங்கச்சிகள்தானே, எப்படி வேண்டாம் என்று சொல்வது?" என்று மட்டும் சொன்னார். ஒருவர் கதவைத் தட்டினால் பூட்டிய பிறகும் திறக்கிறார்; விடுமுறை நாளில் கம்பத்துக்குப் போனாலும் அங்கேயும் பெற்றோர்கள் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். சமூகப்பணியில் அனுபவமுள்ள ஒருவர், நிலையத்துக்கு வெளியே இருந்து, வாரம் ஒருமுறையாவது அவரோடு உட்கார்ந்து பேசும் ஏற்பாடு உடனே தேவை. வருகின்ற மனநல ஆலோசகருக்கு மலாய் மட்டுமே தெரியும் என்பதால், மொழிபெயர்க்கும் வேலையும் இவர் தலையிலேயே விழுகிறது.

இன்னொன்று, விருந்தினர் வருகை. பெரிய மனிதர் யாராவது வந்தால் பிள்ளைகளை ஓலை வளையம் சூடி ஆடச் சொல்லும் வழக்கத்தை மேற்பார்வையாளர் எதிர்க்கிறார். குழுவோ நன்கொடையை எண்ணிச் சில வேளை இணங்கிவிடுகிறது. அவர் சொல்வதுதான் சரி. ஆட விருப்பமில்லாத பிள்ளையை ஆடவைத்தால் நிலையம் எந்த அடிப்படையில் நிற்கிறதோ அதையே உடைத்ததாகும். குளியலறை ஒன்றே இருப்பதால் பெண்பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள். படிகள் செங்குத்தானவை. சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை: சுட்ட மரவள்ளிக்கிழங்கும் அண்ணன் வீட்டுச் சம்பலும் எப்போதும் இருக்கும்.

மாலை நான்கு மணி முதல் இரவு பத்து வரை திறந்திருக்கும், திங்கட்கிழமை விடுமுறை. உணவுக்கடையில் பத்தரைக்கு வேலை முடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த நேரம் பயன்படாது. ஆகவே தெமியார் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கும் நம் கடைக்காரர்கள், மூதாட்டி வரும் சந்தை நாளிலாவது அவர்களை ஏழு மணிக்கு விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உதவ விரும்புவோர் பழைய துணிகளைக் கொண்டுபோக வேண்டாம், அவை ஏற்கெனவே மூலையில் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவது குளியலறைக்கும், மேற்பார்வையாளருக்கு மாற்றாக இன்னொரு தெமியார் பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்துவதற்கும் பணம் கொடுத்தால், அது எதற்குப் போகிறது என்பதை அண்ணனிடம் ரசீதோடு கேட்டுப் பெறலாம்.