லினக்ஸில் செஸ் படிக்க ஸ்கிட், கூடவே பைசெஸ்

கிருஷ்ணகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். நிறையப் பேர் வீட்டில் இருப்பது அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான். புது விண்டோஸ் போட்டால் திணறும் என்பதால் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் லினக்ஸ் வகையான லுபுண்டு போட்டுக் கொடுத்துவிடுகிறேன். உடனே பெற்றோர் கேட்பது, "சார், இதுல செஸ் சாஃப்ட்வேர் வருமா?"

வரும், நல்லதாகவே வரும். ஆட்டங்களைச் சேர்த்து அலசப் பலர் வைத்திருக்கும் செஸ்பேஸ் விண்டோஸுக்கு மட்டும்தான் என்பது உண்மை, ஆனால் அதை விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டப் போராட வேண்டிய அவசியமே இல்லை. நல்ல நகர்த்தலைக் கணக்குப்போட்டுச் சொல்லும் இஞ்சின் விஷயத்தில் நமக்கு ஒரு குறையும் கிடையாது. 2008-இல் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது, உலக சாம்பியன் குகேஷே எதிரில் உட்கார்ந்தாலும் அதை ஜெயிப்பது நடக்காத காரியம். ஆனால் ஸ்டாக்ஃபிஷுக்குப் பலகை கிடையாது, வெறும் இஞ்சின், அதனால் பலகை காட்ட இன்னொரு மென்பொருள் வேண்டும்.

க்னோம் செஸ் பார்க்க அழகு, சும்மா ஒரு ஆட்டம் போடலாம், ஆட்டத்தை அலச உதவாது. இப்போதுதான் கற்றுக்கொள்கிற குழந்தைக்கு பைசெஸ் போட்டுக் கொடுங்கள். பாடம், புதிர், எண்ட்கேம் பயிற்சி எல்லாம் உள்ளேயே இருக்கிறது, அடுத்து எதை நகர்த்தலாம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும்.

போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு என் தேர்வு ஸ்கிட், ஆட்டங்களைச் சேர்த்துவைத்து அலசும் மென்பொருள். முகம் பழசு, பட்டன்கள் பொடிப்பொடியாக இருக்கும், முதல் வாரம் எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியில் ஒரு போட்டி முடிந்து வந்த மாணவன் நகர்த்தல்களை எழுதிவைத்த நோட்டேஷன் தாளை அதில் ஏற்றிப் பார்த்தோம். இத்தாலியன் ஓப்பனிங், வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து எஃப்7-ஐக் குறிவைக்கிறது, கறுப்பு டி5 தள்ளுகிறது, வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டுகிறது. கறுப்பில் ஆடிய இவன் திருப்பிக் குதிரையால் வெட்டியிருந்தான், யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். வெட்டியதுமே யாருக்குச் சாதகம் என்று இஞ்சின் போடும் மதிப்பு வெள்ளைப் பக்கம் ஏறியது, அந்தக் குதிரையை விட்டுவிட்டு சி6-இல் இருக்கும் மற்ற குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோ என்று ஸ்டாக்ஃபிஷ் காட்டியது. அதே நிலையில் மற்றவர்கள் என்ன ஆடினார்கள், எத்தனை ஜெயித்தார்கள் என்று ஸ்கிட்டின் ஓப்பனிங் ட்ரீ பக்கத்திலேயே காட்டும், ஆட்டங்களை மட்டும் நாம் ஏற்றிவைக்க வேண்டும். ஆன்லைனில் செஸ் ஆடும் லிச்செஸ் தளம் அங்கே ஆடிய ஆட்டங்களை மாதாமாதம் இலவசமாகத் தருகிறது, ஆனால் ஒரு மாதக் கோப்பே மிகப் பெரிசு, பழைய லேப்டாப் தாங்காது, கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்களாகச் சின்னத் தொகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். உபுண்டு வகையில் ஸ்டாக்ஃபிஷை நிறுவினால் அது யு.எஸ்.ஆர். ஃபோல்டருக்குள் கேம்ஸ் என்ற ஃபோல்டரில் (/usr/games) போய் உட்காரும், ஸ்கிட் இஞ்சின் எங்கே என்று கேட்கும்போது அதைக் காட்டுங்கள். இஞ்சின் தன் கணக்குகளை நினைவில் வைக்க எடுக்கும் இடமான ஹாஷ் 16 எம்.பி.தான் வைத்திருக்கும், 4 ஜி.பி. ரேம் இருந்தால் தயங்காமல் 256 ஆக்கலாம். கொஞ்சம் புதிய கம்ப்யூட்டர் என்றால் என் க்ரோய்ஸான் (En Croissant) என்ற மென்பொருளையும் பாருங்கள், இஞ்சினையும் டேட்டாபேஸையும் உள்ளிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.