துணைக் கணப்புக்கு நிலக்கரி: நான்கு வகை உலைகளில் எது கட்டுப்படி?

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் வடகிழக்கில், ஸ்கிரான்டன், வில்க்ஸ்-பேரி, பாட்ஸ்வில் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில், அடித்தளத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லருக்குத் துணையாக ஒரு கரி உலையும் நிற்பதைப் பார்க்கலாம். ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி அந்த மண்ணிலேயே வெட்டப்படுவதால் லாரிக் கூலி குறைவு. பற்றிக்கொண்ட பிறகு இந்தக் கரி புகை விடாது, சின்ன நீலச் சுடருடன் மணிக்கணக்கில் கனலும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கிலோவுக்கு 2,500 கிலோகலோரி அளவில் வெப்பம் தருகிறது என்றால் ஆந்த்ரசைட் ஏறத்தாழ 7,000 தரும்.

உலை வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, விறகும் எரிக்கலாம் கரியும் எரிக்கலாம் என்று எழுதி ஒட்டியிருக்கும் தகர உலை. புதிதாக வாங்குவதில் விலையும் அதற்குத்தான் குறைவு. இங்கே ஒப்பிடப்போகும் நான்கில் அதற்குக் கடைசி இடம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

2,000 பவுண்டு கொண்ட ஒரு டன் ஆந்த்ரசைட்டில் சுமார் 250 லட்சம் பி.டி.யு (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பம் இருக்கிறது. உலையின் திறன் 70 விழுக்காடு என்று வைத்தால் வீட்டுக்குள் வருவது 175 லட்சம். ஒரு காலன் கணப்பு எண்ணெயில் இருப்பது 1,38,500 பி.டி.யு, 80 விழுக்காடு திறனுள்ள பாய்லரில் கைக்குக் கிடைப்பது 1,10,800. ஆக ஒரு டன் கரி 158 காலன் எண்ணெய்க்குச் சமம். உங்கள் ஊர் எண்ணெய் விலையை 158-ஆல் பெருக்குங்கள். காலன் 3.50 டாலர் என்றால் 553 டாலர் வரும். வீட்டு வாசலில் இறக்கித் தரும் கரியின் டன் விலை அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

குளிர்காலத்துக்கு 600 காலன் குடிக்கும் வீட்டில் முக்கால் பங்கைக் கரிக்கு மாற்றினால் மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். 40 பவுண்டு மூட்டையாக வாங்கினால் 150 மூட்டை வரை தூக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிக்கொள்ள அடித்தளத்தில் ஒரு தொட்டி கட்டுவது முதுகுக்கு நல்லது.

நாளுக்கு ஒரு 40 பவுண்டு மூட்டை எரிந்தால் மணிக்கு 14,600 பி.டி.யு கிடைக்கும். சுவரில் சொருகும் 1,500 வாட் ஹீட்டர் மூன்று ஓயாமல் ஓடுவதற்கு அது சமம். துணைக் கணப்புக்கு, சாதாரணக் குளிர்நாளில், இதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் ஏராளம். விளம்பரத் தாளில் 90,000, 1,20,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கரி நெருப்பை ஓரளவுக்குத்தான் அடக்கலாம். பெரிய உலையை வாங்கி மூச்சைப் பிடித்து வைத்தால் அது அணையும். அணையாமல் இருக்கத் திறந்துவிட்டால் வீட்டில் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கும்.

புகைபோக்கி சரியில்லை என்றால்

எந்த உலை என்பதைப் பாதி முடிவு செய்வது புகைபோக்கிதான். எண்ணெய் பாய்லர் போகும் அதே புகைவழியில் கரி உலையின் குழாயைச் சேர்க்கக் கூடாது. அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிகளும் அதை அனுமதிப்பதில்லை. தனி வழி வேண்டும். உள்ளே சுட்ட களிமண் ஓடு பதித்த செங்கல் புகைபோக்கி இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போடும் செலவு சில நேரம் உலை விலையையே தாண்டிவிடும். இதைக் கணக்கில் சேர்க்காமல் மலிவு என்று பேசுவது வீண்.

இழுவையை, அதாவது புகைபோக்கி உறிஞ்சும் வேகத்தை, மேனோமீட்டர் என்ற அழுத்தமானி வைத்து அளந்துதான் சொல்ல முடியும். ஆந்த்ரசைட்டுக்குப் பெரும்பாலும் 0.04 முதல் 0.06 அங்குல நீர் அழுத்தம் போதும். உலைக் கையேடு சொல்லும் எண்ணே இறுதி. இழுவை கூடினால் வெப்பம் மாடிக்கு மேலே போய்விடும். குழாயில் ஒரு பாரோமெட்ரிக் தடுப்பு வைத்தால் அது தானாகவே திறந்து மூடிச் சமன் செய்யும். விறகு எரிக்கும் குழாயில் மட்டும் இது வேண்டாம். தார் படிந்து புகைபோக்கியில் தீப்பிடித்தால் அந்தத் தடுப்பே காற்று ஊட்டிவிடும். இரண்டையும் எரிக்கும் உலையில் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

கையால் கரி போடும் உலை

இதற்கு நட் எனப்படும் அளவுக் கரி வேண்டும். துண்டு 20 முதல் 41 மில்லிமீட்டர். பாக்கிலிருந்து எலுமிச்சை வரை என்று வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் வேண்டியதில்லை. பனிப்புயலில் கம்பி அறுந்து தெருவே இருண்டாலும் இது எரியும். பாகங்களும் குறைவு: அசைக்கும் வார்ப்பிரும்புச் சல்லடை, தீச்செங்கல், காற்றுக் கதவு, சாம்பல் தட்டு. பழையது சில நூறு டாலருக்கே கிடைப்பதுண்டு. கையில் பணம் குறைவு, காலையும் மாலையும் வீட்டில் ஆள் உண்டு என்றால் நான்கில் இதற்கு நிகரில்லை.

பழக்கம்தான் விலை. ஆந்த்ரசைட்டுக்குக் காற்று அடியிலிருந்து வர வேண்டும். 1808-இல் வில்க்ஸ்-பேரியில் ஜெஸ்ஸி ஃபெல் இரும்புச் சல்லடையில் வைத்து இந்தக் கரியை எரித்துக் காட்டியபோது வெளிப்பட்டதும் இதுதான்: சல்லடைக்கு அடியில் காற்று புகுந்தால் கல் போன்ற இந்தக் கரியும் தானாக எரியும்.

பற்றவைக்க, காய்ந்த விறகை எரித்து நல்ல கங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் ஓர் அங்குலம் கரி தூவி, கீழ்க்கதவைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். படபடவென்று வெடித்து நீலச் சுடர் எட்டிப் பார்க்கும். பிறகு இரண்டு மூன்று அங்குலமாகக் கூட்டித் தீச்செங்கல்லின் மேல்விளிம்பு வரை நிரப்புங்கள். மேலோட்டமாகப் பரப்பிய கரி எரியாது; குறைந்தது 8 அங்குல ஆழம் வேண்டும், ஒன்றின் சூட்டில் மற்றது கனல்கிறது. சாம்பல் கதவைத் திறந்து வைத்துவிட்டு மாடிக்குப் போய் மறந்துவிடுவதுதான் சல்லடையை வளைக்கும் பெரிய தவறு.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சல்லடையைக் குட்டையான, விறைப்பான இழுப்புகளால் அசையுங்கள். சாம்பல் தட்டில் சிவப்புப் பொறிகள் விழத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் அசைத்தால் நெருப்பே தட்டுக்குப் போய்விடும். புதுக்கரி போடும்போது ஒரு மூலையில் செங்கங்கு தெரியும்படி விட்டுவையுங்கள். முழுக்க மூடிவிட்டால் கரியிலிருந்து கிளம்பும் வாயு பற்ற வழியில்லாமல் உலைக்குள் தேங்கும். பிறகு ஒரே நேரத்தில் பற்றிக் குழாய் மூட்டே கழன்று வரும் அளவுக்கு டப்பென்று அடிக்கும். மேலிருந்து கம்பியால் கிண்டவே கூடாது. விறகடுப்புப் பழக்கத்தில் கை அதற்குத்தான் போகும். கிண்டினால் சாம்பல் கங்கோடு கலந்து உருகி, கட்டியாக இறுகிச் சல்லடையை அடைத்துவிடும்.

சாம்பல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது, எரியாமல் போன கரியும் சேர்ந்து வரும். தட்டை நிரம்பவிட்டால் சாம்பல் சல்லடையின் அடியைத் தொடும். குளிர்காற்று படாத வார்ப்பிரும்பு அங்கேயே வெந்து தொங்கிப்போகும்.

தொட்டி வைத்த கைஉலை

மேலே சொன்னதன் சோம்பேறி அண்ணன். உலைக்குள் ஒரு கரித்தொட்டி இருக்கும். எரிய எரியக் கரி தானாகச் சரிந்து இறங்கும். இரு உலோகப் பட்டையாலான தெர்மோஸ்டாட் காற்றுக் கதவை மெல்லத் திறந்து மூடுவதால் இதற்கும் மின்சாரம் தேவையில்லை. கடுங்குளிர் இல்லாத நாட்களில் ஒருமுறை நிரப்பினால் ஒரு நாள் ஓடும். இந்தியானாவில் பெர்ன் ஊரின் ஹிட்சர், பென்சில்வேனியாவில் கோர்டன்வில் ஊரின் டி.எஸ். மெஷின் ஆகியவை இந்த வகைக்குப் பேர்போனவை. புதிய விலை சாதாரணக் கைஉலையைவிடக் கூடுதல், பழையது சந்தைக்கு வருவதும் குறைவு.

கவனிக்க வேண்டிய இடம் தொட்டியின் மூடி. அதன் கயிற்று கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் கயிறு) தேய்ந்து காற்றுப் புகுந்தால் சூடு தொட்டிக்குள் மேலே ஏறி, அங்கிருக்கும் கரியே கனலத் தொடங்கும். புகைவழித் தடுப்பு இருந்தால் அதை முதலில் திறந்துவிட்டு, மூடியை ஒரு விரற்கடை தூக்கிச் சில நொடி நிறுத்தி, பிறகு திறப்பது நல்லது.

ஸ்டோக்கர்

கரியைத் தானே தள்ளி எரிக்கும் இயந்திரம். ரைஸ் என்ற பொடிக்கரி இதற்கு உணவு. பெயர்தான் அரிசி, அளவு 5 முதல் 8 மில்லிமீட்டர், துவரம்பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்டது. சிறு மோட்டார் தள்ள, துளையிட்ட தட்டில் கரி மெல்ல நகர்ந்து எரிந்து, மறுமுனையில் சாம்பலாகப் பெட்டியில் விழும். அடியிலிருந்து விசிறி ஊதும். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் கேட்டால் நெருப்பு பெருகும், வேண்டாம் என்றால் கையகலக் கங்காகச் சுருங்கிக் காத்திருக்கும். அக்டோபரிலும் ஏப்ரலிலும் வெளியே வெப்பம் கூடி இழுவை தளரும் நாட்களில் கைஉலை மூச்சுத் திணறும். ஸ்டோக்கர் விசிறி வைத்திருப்பதால் சமாளித்துக்கொள்ளும். ஷூல்கில் ஹேவனின் கீஸ்டோக்கர், பெர்விக்கின் லெஷர் லைன் இரண்டும் உள்ளூர்த் தயாரிப்புகள்; பழையதற்கும் உதிரி தேடி அலைய வேண்டியதில்லை.

வேலைக்குப் போய் இரவு வரும் வீட்டுக்கு இதுதான் பொருத்தம், புதியதன் விலை கூடுதலாக இருந்தாலும். எண்ணெய் உண்மையிலேயே மிச்சமாவது நெருப்பு அணையாமல் எரிந்தால்தான். வாரத்தில் இரண்டு முறை அணைந்துபோன கைஉலையை யாரும் மூன்றாவது வாரத்தில் பற்றவைப்பதில்லை.

கரண்ட் போனால் ஓரிரு மணி நேரத்தில் அணைந்துவிடும். மோட்டாரும் விசிறிகளும் சேர்ந்து சில நூறு வாட்டுக்குள் அடங்குவதால் சிறிய இன்வெர்ட்டர் தாங்கும். அடிக்கடி வரும் கோளாறு வெப்பம் குறைவது. மோட்டாரைக் குறை சொல்லும் முன் தட்டின் துளைகளைப் பாருங்கள். பொடி அடைத்திருந்தால் அந்த இடத்தில் கரி கறுப்பாகவே நகர்ந்து விழும், சாம்பல் பெட்டியில் எரியாத கரி தெரியும். ஈரமான, தூசி மிகுந்த கரி தொட்டியில் பாலம் கட்டி இறங்காமல் நின்றுவிடும். காத்திருப்பு நேரத்தில் கரி தள்ளும் இடைவெளியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மிகவும் நீட்டினாலும் நெருப்பு செத்துவிடும்.

விறகும் கரியும் எரியும் உலை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அடிப்படையானது. விறகுக்கு மேலிருந்தும் காற்று வேண்டும், அகலமான பெட்டி வேண்டும், சாம்பல் மெத்தை வேண்டும். ஆந்த்ரசைட்டுக்கு இவை மூன்றும் ஆகாது. நீளமான பெட்டியில் மூலைகளில் சாம்பல் தங்கும், அசைப்பானின் கை அங்கே எட்டாது. கதவு இடுக்கில் கசியும் காற்று கரிக்கு மேலே போய்விடும், அடியில் போகாது. கையேட்டில் கரி என்று இருப்பது பெரும்பாலும் பிட்டுமினஸ் கரியைக் குறிக்கும். அது புகைந்து எரியும் வேறு ஜாதி. விறகைப் பிரதானமாக எரித்து, இரவுக்கு மட்டும் கரி போடுகிறவருக்கு இது சரிப்படும். வீட்டின் காற்றுக் குழாய்களோடு சேர்க்கலாம் என்பது இதன் பலம். சேர்க்கும்போது, ஓர் உலையின் சூட்டுக்காற்று மற்றதன் வழியே திரும்பிப் போகாதபடி தடுப்புத் தகடு வேண்டும். பாதுகாப்புச் சோதனை முத்திரை இல்லாத உலைக்குக் காப்பீட்டு நிறுவனம் சம்மதிக்குமா என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய உலை பார்க்கப் போகும்போது

டார்ச் கொண்டுபோங்கள். உலைக்குள் விளக்கை வைத்து அறையை இருட்டாக்கினால் வெடிப்பு கோடாகத் தெரியும். கதவில் ஒரு டாலர் நோட்டைச் செருகி மூடி இழுங்கள்; வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கெட் போய்விட்டது, அது சின்னச் செலவு. சாம்பல் கதவு வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள், காற்றைக் கட்டுப்படுத்தவே முடியாது. சல்லடை தொங்கியிருந்தால் மாற்று கிடைக்குமா என்று விலை பேசும் முன்பே விசாரியுங்கள். ஸ்டோக்கர் என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இரண்டு வேண்டும், ஒன்று உலை இருக்கும் தளத்தில், மற்றது படுக்கையறை அருகில். இந்தக் கரிக்குப் புகை வாசனை இல்லாததால் மூக்கை நம்ப முடியாது. நடுக் குளிர்காலத்தில் கருவி கத்தினால் எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். நெருப்பு அணைந்து வீடு காற்றோட்டமான பிறகு முதலில் பார்க்க வேண்டியது கிடைமட்டமாகப் போகும் குழாயையும் புகைபோக்கியின் அடியையும். மாவு போன்ற பறக்கும் சாம்பல் அங்கே குவிந்து வழியை அடைத்திருக்கும்.

அந்தச் சாம்பலில் கந்தகம் உண்டு. ஏப்ரலில் நெருப்பை அணைத்துவிட்டுக் குழாயை அப்படியே விட்டால், கோடைக்கால ஈரத்தை அது உறிஞ்சி அமிலமாகும். அணைத்த வாரத்திலேயே குழாயைக் கழற்றித் துடைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் உள்ளே மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். செய்யாமல் விட்ட குழாயை அக்டோபரில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அப்பளம் போல நொறுங்கும்.