துப்பாக்கிக்கு எந்தப் பூட்டு: கேபிளா, பெட்டியா, அலமாரியா, பெட்டகமா?

உரிமம் வாங்கி முறையாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எந்தப் பெட்டகம் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. யார் கைக்குப் போகக்கூடாது என்று பூட்டுகிறீர்கள்? குழந்தையா, திருடனா, மனம் உடைந்துபோயிருக்கும் வீட்டு ஆளா? இந்த மூவரையும் ஒரே பூட்டு ஒரே அளவுக்குத் தடுக்காது.

இருப்பதில் எளியவை கேபிள் லாக்கும் ட்ரிகர் லாக்கும். கேபிள் லாக் என்பது உறை போட்ட கம்பி வடம். தோட்டா ஏறும் பாதை வழியாக அதை நுழைத்துப் பூட்டிவிட்டால் தோட்டாவை ஏற்ற முடியாது. ட்ரிகர் லாக் விசையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். இரண்டில் என் ஓட்டு கேபிளுக்கே. ட்ரிகர் லாக்கைத் தோட்டா உள்ள துப்பாக்கியில் மாட்டவே கூடாது, மாட்டும்போதே விசை அழுந்திவிடலாம். கேபிளை நுழைக்க வேண்டுமானால் துப்பாக்கியைத் திறந்து காலி செய்தாக வேண்டும், அதனால் அந்தத் தவறு நேர வழி குறைவு. ஆனால் திருடனுக்கு இரண்டும் ஒன்றுதான். பூட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் நிதானமாக வெட்டி எடுப்பான். அதனால் இவற்றைத் துணைப் பூட்டாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கைத்துப்பாக்கிக்கான சிறு பெட்டி. அவசரத்துக்குச் சட்டென்று திறக்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. கைரேகையா, எண் பொத்தானா என்று கேட்டால் நான் எண் பக்கம். ஈரக் கையையும் அழுக்குக் கையையும் கைரேகைப் பூட்டு சில சமயம் ஏற்காது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2023-ல் அமெரிக்காவில் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். கைரேகையைப் பதிந்துவிட்டதாக உரிமையாளர் நினைத்திருக்க, பெட்டியோ யார் விரல் வைத்தாலும் திறக்கும் நிலையிலேயே இருந்திருக்கிறது. 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மரணமும் அதில் பதிவானது. கைரேகைப் பெட்டி வைத்திருப்பவர்கள், பதியாத இன்னொருவரின் விரலை வைத்து இன்றே சோதித்துப் பாருங்கள். பெட்டியைத் தரையோடோ சுவரோடோ பிணைக்கவும் மறக்காதீர்கள். கையில் எடுத்துப் போகக்கூடிய எடையில் இருக்கும் பெட்டி திருடனைத் தடுக்காது.

சரி, நீளத் துப்பாக்கிகள் இருந்தால்? இங்கேதான் இரும்பு அலமாரியா, கனமான பெட்டகமா என்ற உண்மையான போட்டி. தகட்டின் கனத்தை கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்: 14 கேஜ் ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர், 10 கேஜ் ஏறக்குறைய 3.4 மில்லிமீட்டர். விளம்பரத்தில் கதவின் கனத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள், பக்கச் சுவரையும் கேளுங்கள். வீட்டுப் பெட்டகங்களுக்கு யுஎல் (UL) என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் தரும் அடிப்படைச் சான்றின் அளவுகோல், சாதாரணக் கைக்கருவிகளோடு ஒருவர் 5 நிமிடம் முயன்றும் திறக்காமல் இருப்பது. வெறும் 5 நிமிடம்தான்! வாங்குபவர்களில் பலருக்கு இது தெரியாது.

அதனால்தான் என் முடிவு பலருக்கு வியப்பாக இருக்கும். தரையில் போல்ட் போட்டு முடுக்காத விலை உயர்ந்த பெட்டகத்தைவிட, மூலையில் வைத்துச் சுவரோடும் தரையோடும் முடுக்கிய நடுத்தர அலமாரி மேல். பெட்டகத்தை மல்லாத்திப் போட்டுவிட்டால் கடப்பாரைக்கு நல்ல பிடி கிடைத்துவிடும். முடுக்கியிருந்தால் அந்த வசதி இல்லை. தீயிலிருந்தும் காக்க வேண்டும் என்றால் மட்டும் பெட்டகத்துக்குப் போங்கள், சாதாரண அலமாரி அதைச் செய்யாது. கண்ணாடிக் கதவு வைத்த மர அலமாரி பார்க்க அழகு, பாதுகாப்பு இல்லை. எதை வாங்கினாலும் உள்ளே ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். சிலிக்கா ஜெல் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். அப்புறம், "12 துப்பாக்கி கொள்ளும்" என்று எழுதியிருந்தால் தொலைநோக்கி மாட்டிய துப்பாக்கிகள் அத்தனை கொள்ளாது.

தோட்டாவுக்குத் தனிப் பூட்டுப் பெட்டி, தனிச் சாவி. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சாவியா, எண்ணா என்பதில் நான் ஒருமுறை தோற்றிருக்கிறேன். அலமாரிச் சாவியைப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒருநாள் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, 7 வயது மகள் அந்தச் சாவியை எடுத்து நீட்டி, "இதுவா அப்பா?" என்றாள். அவள் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. அமெரிக்காவில் 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் இடம் தெரியும் என்று சொன்னார்கள். அன்றே எண்பூட்டுக்கு மாறினேன். அந்த எண் பிறந்தநாளோ வண்டி எண்ணோ இல்லை.

கடைசி ஆள் மீதம் இருக்கிறார்: வீட்டிலேயே மனம் உடைந்து கிடப்பவர். எண் தெரிந்தவரே அவராக இருந்தால் எந்தப் பெட்டகமும் உதவாது. அந்த நாட்களுக்கு உடனே எண்ணை மாற்றுங்கள். சட்டம் இடம் கொடுத்தால், துப்பாக்கியையே வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான இடத்தில் ஒப்படையுங்கள். அவர் தேறி வந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.