16 ஜிபி ஆப்டேனோடு ஆறு வருடம்

2018-இல் கடைக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் 1 டிபி ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி ராம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று டிடிபி வேலைதான். எழுத்துரு மட்டும் எண்ணூறுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தேன். காலையில் டிசைன் மென்பொருளைத் திறந்தால் அது எழுத்துரு கோப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வெள்ளைப் பக்கத்தைக் காட்ட ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் முதல் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. 7200 ஆர்பிஎம் டிஸ்கில் தட்டு ஒரு சுற்று வரவே 8.3 மில்லி நொடி, அதைப் படிக்கிற ஹெட் நகர்கிற நேரம் தனி. சிதறிக் கிடக்கும் குட்டிக் கோப்புகள் என்றால் நொடிக்கு நூறு இடத்தைப் படித்தாலே அதிகம்.

யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸின் ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை வாராவாரம் அழித்துக்கொண்டிருந்தேன். சுத்த முட்டாள்தனம். ஒரு புரோகிராம் திறக்கும்போது முதல் சில நொடிகளில் எதை எதைப் படிக்கிறது என்று விண்டோஸ் குறித்து வைக்கும் இடம் அது. அந்தக் குறிப்பை நானே கிழித்துப் போட்டுவிட்டு ஏன் மெதுவாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பென் டிரைவில் தகவலை எடுத்து வைத்து வேகம் கூட்டும் விண்டோஸின் ரெடிபூஸ்ட்டும் போட்டுப் பார்த்தேன், சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை.

அப்புறம் 2019-இல் 16 ஜிபி இன்டெல் ஆப்டேன் மெமரி வாங்கி மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் போட்டேன். ஹார்ட் டிஸ்கில் அடிக்கடி படிப்பதைத் தன்னிடம் எடுத்து வைத்து அடுத்த தடவை வேகமாகத் தருகிற குட்டி கேஷ் அது. முதல் தடவை திறந்தபோது பழைய அதே வேகம், பணம் போச்சு என்றே நினைத்தேன். மூன்றாவது தடவை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் 58 நொடி 17 ஆகியிருந்தது. அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ஏற்றி வைக்க விண்டோஸிலேயே சூப்பர்ஃபெட்ச் என்று ஒன்று உண்டு, ஆனால் அது எடுத்து வைப்பதெல்லாம் ராமில், மெஷினை அணைத்தால் போய்விடும், மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டும். ஆப்டேனில் இருப்பது கரண்ட் போனாலும் அழியாது, அதனால்தான் காலையில் திறக்கும் முதல் தடவையே வேகம் தெரிந்தது.

ஆனால் 16 ஜிபி சின்ன இடம். முகூர்த்த மாதங்களில் ஒரே மென்பொருளோடு மாரடிக்கும்போது பிரமாதம். சீசன் இல்லாத நாளில் வீடியோ எடிட்டிங் பக்கம் போய்விட்டுத் திரும்பினால் இரண்டு நாளைக்குப் பழையபடி நொண்டும். பெரிய கோப்பை காப்பி செய்வதில் ஒரு லாபமும் தெரியவில்லை.

ஒரு தடவை சர்வீஸுக்கு வந்த தம்பி, இன்டெலின் மென்பொருளில் ஆப்டேனை டிசேபிள் செய்யாமல் அப்படியே கழற்றிவிட்டார். ஆப்டேன் கேஷும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து ஒரே டிரைவாக ஓடுகிறவை, ஒன்றைப் பிடுங்கினால் மற்றது தனியாக நிற்காது. விண்டோஸ் ஏறவில்லை. திரும்ப மாட்டியதும் ஏறியது, என் நல்ல நேரம். அன்றிரவே எல்லாவற்றையும் பேக்கப் எடுத்தேன்.

போன வருடம் 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டேன், அதே மென்பொருள் இப்போது 11 நொடி. இன்டெல் 2022-லேயே ஆப்டேன் தொழிலை மூடுவதாக அறிவித்துவிட்டது, பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் இனி வாங்காதீர்கள், அந்தக் காசை எஸ்எஸ்டியில் போடுங்கள். சூப்பர்ஃபெட்சுக்கு இப்போது பெயர் சிஸ்மெயின், அந்த சர்வீஸை மட்டும் நான் இன்னும் நிறுத்தவில்லை.