கணிதம் முதலிலா, விருப்பப் பாடங்கள் முதலிலா?

பொருளியல் பட்டத்தைத் தாமதமில்லாமல் முடிக்க நினைப்பவர்களில் பலர், விருப்பப் பாடங்களை முதலில் முடித்துவிட்டுக் கணிதத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். தொடக்கம் இலகுவாகத்தான் இருக்கும். சரி, அப்புறம்? பல பல்கலைக்கழகங்களில் நுண்கணிதம் முடிக்காமல் இடைநிலை நுண்பொருளியலில் சேர முடியாது. புள்ளியியல் இல்லாமல், பொருளாதாரத் தரவுகளை அலசக் கற்றுத்தரும் பொருளாதார அளவியல் கிடையாது. அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் நடந்தால், ஒரே ஒரு தோல்வி முழு ஆண்டையும் தின்றுவிடும்.

கணிதத்தை முதல் இரண்டு பருவங்களிலேயே எடுப்பது கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் தவறினாலும் மறுபடி எழுத அவகாசம் இருக்கிறது. என் ஓட்டு இதற்கே. கூடவே பருவத்துக்கு ஒரு விருப்பப் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றையெல்லாம் முன்பே முடித்துவிட்டால் கடைசிப் பருவத்தில் கனமான பாடங்கள் மட்டுமே மிஞ்சும், ஆய்வுக் கட்டுரையும் அப்போதுதான் வந்து நிற்கும்.