சுத்தியல், பட்டன், வெட்டு: எந்த ரைபிள் குழலில் என்ன குறை?

ரைபிள் குழலுக்குள், குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளம் இட இன்று மூன்று முறைகள் பரவலாக இருக்கின்றன. எது துல்லியமானது என்ற வாதம் ஓய்வதே இல்லை. ஒவ்வொரு முறையும் குழலுக்குள் என்ன குறையை விட்டுச் செல்கிறது என்பதை வைத்தே நான் அவற்றை எடைபோடுகிறேன்.

முதலாவது சுத்தியல் முறை. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் ஜெர்மனியில் உருவாகி, பின்னர் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகர இயந்திரங்களால் பரவியது. பள்ளத்தின் எதிர்வடிவம் கொண்ட கடினமான அச்சுக் கம்பியைத் துளைக்குள் வைத்து, வெளியிலிருந்து அடித்து நீட்டுகிறார்கள். சில நிமிடங்களில் குழல் தயார். பின்லாந்தின் டிக்கா, அமெரிக்காவின் ரூகர் இரண்டும் இப்படித்தான் செய்கின்றன. உள்சுவர் ஒரே சீராகவும் உறுதியாகவும் அமையும். ஆனால் அச்சுக் கம்பியில் ஒரு கீறல் இருந்தால், அதிலிருந்து வரும் எல்லாக் குழல்களிலும் அது பதியும். அடியினால் எஃகில் உள் இறுக்கமும், அதாவது உலோகத்துக்குள் அடைபட்ட விசையும், மிகுதியாகத் தேங்கும்.

பட்டன் முறையில், பள்ளத்தின் எதிர்வடிவம் கொண்ட மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு பட்டனைத் துளை வழியே இழுக்கிறார்கள் அல்லது தள்ளுகிறார்கள். உலோகம் வெட்டப்படுவதில்லை, ஒதுக்கப்படுகிறது. இதன் பெரிய ஆபத்து பிறகுதான் வருகிறது. வெப்பத்தால் இறுக்கத்தைச் சரியாகத் தணிக்காமல் வெளிப்புறத்தை லேத்தில் கடைந்து மெலிதாக்கினால், மெலிந்த இடத்தில் துளை விரிந்துவிடும். மெலிவது பெரும்பாலும் வாய்ப் பக்கம். குண்டு குழலை விட்டு வெளியேறும் இடத்தில் பிடி தளர்வதைவிடத் துல்லியத்துக்குக் கேடு வேறில்லை. எஃகின் கடினம் இடத்துக்கு இடம் மாறினால் சுருளின் சீரும் கெடும். இத்தனைக்கும், ரைபிளை மேசைமேல் தாங்கிவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் ஷைலன், ஹார்ட் போன்ற தயாரிப்பாளர்களின் பட்டன் குழல்கள் பலமுறை வென்றிருக்கின்றன. அக்கறையோடு செய்தால் முறை பழுதில்லை.

வெட்டு முறை மிக மெதுவானது. வெட்டுக்கருவியின் ஒவ்வொரு இழுப்பிலும் ஏறத்தாழ 0.0025 மி.மீ. மட்டுமே சீவுவதால் உள் இறுக்கம் புதிதாகச் சேராது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக் குழல் நிறுவனங்களான கிரீகர், பார்ட்லைன் இரண்டும் இதற்குப் பெயர் பெற்றவை. விலைதான் தடை.

ஆயினும் தொழிற்சாலைக் குழல்களில் நான் அதிகம் அஞ்சுவது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் பொதுவான குறைகளைத்தான். ஆழத் துளையிடும்போது டிரில் மெல்ல விலகிப் போகலாம். பட்டன், வெட்டுக் குழல்களில் துளையைச் சீராக்கும் கருவியான ரீமரின் குறுக்குத் தடங்கள் எஞ்சினால் குண்டின் செம்பு உறையைச் சுரண்டிப் படியவைக்கும். தேர்ந்த பட்டறைகள் ஈயத்தில் தேய்ப்புப்பொடி பூசி அவற்றை நீக்குகின்றன, மலிவு உற்பத்தியில் அதற்கு நேரமில்லை. தோட்டா அறை குழலின் மையத்தோடு ஒன்றாவிட்டால் குண்டு சாய்ந்தே பள்ளத்தில் நுழையும். குழல் வாயில் சிறு பிசிறு இருந்தாலும் வாயு ஒரு பக்கமாக முந்தி வெளியேறிக் குண்டின் அடியைத் தள்ளிவிடும். நல்லவேளையாக, வாயை மறுபடி கடைந்து சரிசெய்வது எளிது, செலவும் குறைவு.

வேட்டைக்கு நான் சுத்தியல் குழலையே தேர்வேன். குளிர்ந்த குழலின் முதல் குண்டுதான் அங்கே முக்கியம். நீண்ட தொடர் சுடுதலுக்கு வெட்டுக் குழல். பட்டன் குழல் வாங்குபவர், இறுக்கம் தணிக்கும் வேலையை அந்தத் தயாரிப்பாளர் எப்படிச் செய்கிறார் என்று கேட்டுவிட்டு வாங்கட்டும்.

கையிலுள்ள ரைபிளைச் சோதிக்க, ஒவ்வொரு குண்டுக்கும் குழலை ஆறவிட்டு ஒரு தொகுதி, ஆறவிடாமல் இன்னொரு தொகுதி சுடுங்கள். சூடேறச் சூடேறக் குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்தால் உள் இறுக்கத்தைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன், குழலைத் தாங்கும் ரைபிள் கட்டை குழலில் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஆறிய குழலிலேயே சிதறினால், முதலில் குழல் வாயைப் பாருங்கள்.